நஞ்சுண்டன் மாற்றிய இன்ஜின்

நஞ்சுண்டன் திருடினான் என்கிறவர்கள் ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். இன்ஜினும் கியர்பாக்சும் மடியில் கட்டிக்கொண்டு போகிற சாமானா? அன்னூர் ரோட்டைப் பார்த்த ஷெட்டில், பட்டப்பகலில், செயின் போட்டு இறக்கியிருக்கிறான். டீ குடிக்க வந்தவரெல்லாம் பார்த்தார்கள். அப்போது வாயைத் திறக்காத ஊர்தான் இப்போது, "புருசனைப் பறிகொடுத்தவ வண்டியில கை வெச்சுட்டானுங்க" என்கிறது. கை வைக்கச் சொன்னது யாரென்று அவளுடைய மாமியார் காளியாத்தாளுக்குத் தெரியும். சொன்னவளே காளியாத்தாள்தான்.

அவள் மகன் கிருபாசங்கர் காய்ச்சலில் போய் ஒரு வருஷம். அவன் ஓட்டிய சுமோ வாசலிலேயே நின்றது. பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று வாரம் ஒருதரம் யாராவது ஸ்டார்ட் செய்வார்கள். சத்தம் கேட்டதும் ஐந்து வயது நந்திதா ஓடிப்போய் டிரைவர் சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். மருமகள் புவனாவால் அதைத் தாங்க முடியவில்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்லிச் சாவியை நஞ்சுண்டனிடம் கொடுத்தாள். காளியாத்தாளின் வீட்டு முன்னாலிருந்த ஷெட்டை அவளிடம் வாடகைக்கு எடுத்து, அவன் அங்கே பதினெட்டு வருஷமாக மெக்கானிக்.

காளியாத்தாளுக்கோ அந்தச் சத்தம்தான் வேண்டும். புவனா பள்ளிக்கூட வேலைக்குப் போன நேரம் பார்த்து ஷெட்டுக்கு வந்தாள்.

"நஞ்சுண்டா, அந்த இன்ஜினைக் கழட்டி நம்ம பழைய ஜீப்புல ஏத்திப்போடு. சைலன்சரும் அதேதான் இருக்கோணும்."

"அம்மணிகிட்டக் கேட்டீங்களா ஆத்தா? அவுங்க சாவி குடுத்தது இதுக்கில்லீங்களே."

"அவளை என்ன கேக்கறது. மாரியாத்தா கோயில்ல பூக் கேட்டாச்சு. வெள்ளப்பூ வந்துருச்சு."

அவன் செயினை எடுத்தான். கல்யாணமோ கிணறோ, வெள்ளைப்பூ வந்த பிறகு இந்தப் பக்கத்தில் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. பூக் கேட்டது நிஜம். அம்மன் காலடியில் வெள்ளைப்பூ ஒன்று, செவ்வரளி ஒன்று என்று இரண்டு பொட்டலம் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னாள். பிரித்தால் செவ்வரளி. மறுபடி போட்டாள். மறுபடியும் சிவப்பு, வேண்டாமென்றே உத்தரவு.

மூன்று வாரம் உழைத்தான்; இரும்புக்குத்தான் பிரிக்கிறான் என்று புவனா இருந்துவிட்டாள். இன்ஜினின் அடிப்பாகம் ஜீப்பின் முன்னச்சில் இடித்தது. தாங்கிகளை வெட்டி உயர்த்தி வெல்டு வைத்தான். கியர்பாக்ஸ் நீளம் அதிகம், அதனால் பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டை டவுன்பக்கம் கணபதியில் ஒரு லேத்துப் பட்டறையில் கொடுத்துக் குறைத்தான். கியர் கம்பிக்குத் தரைத் தகட்டில் புது ஓட்டை. "சங்கர் தம்பி இன்ஜினுங்க, ஏனோதானோன்னு பண்ண மனசு வல்லீங்க" என்பான். காளியாத்தாள் தினமும் மோர் கொண்டுபோவாள். சொல்லிவிடலாம் என்று நிற்பாள். சொன்னால் ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவான். காலித் தம்ளரோடு திரும்பிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் வாசலுக்கு வந்தது. "அப்பா வந்தாச்சு" என்று நந்திதா செருப்பில்லாமல் ஓடினாள். டிரைவர் சீட்டில் நஞ்சுண்டன். குழந்தை அழவில்லை, சுற்றிப்போய்ப் பின்சீட்டிலும் பார்த்தது.

புவனா வெளியே வந்தாள். "யாரு சொல்லிச் செஞ்சீங்கண்ணா?"

அவன் காளியாத்தாளைப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எந்தப் பூ வந்ததென்று அவனுக்கு அப்போதே விளங்கியிருக்கும்.

"யாரும் சொல்லலீங்க அம்மணி. நல்ல இன்ஜின் இரும்புக்குப் போகுதேன்னு நானேதான் பண்ணிப்போட்டேன்."

"கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு என்னங்கண்ணா?"

பக்கத்து வீட்டு மாசாணியம்மாள் சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஷெட்டுக்கு வண்டி வருவது நின்றது.

பத்தாம் நாள் அவன் வீட்டுக்குள் வந்து ஷெட் சாவியை நீட்டினான். காளியாத்தாள் குரலைத் தாழ்த்தினாள்.

"இரு கண்ணு. நான் அவகிட்டச் சொல்லிப்போடறேன்."

"வேண்டாங்காத்தா. சொன்னா அம்மணி கொழந்தையக் கூட்டிக்கிட்டுப் பொறந்த ஊட்டுக்குப் போயிருவாங்க. எனக்கு ஷெட்டு எங்கியும் கெடைக்கும்."

சமையலறையில் மிக்சி ஓடி நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் புவனாவுக்குக் கேட்கும். காளியாத்தாள் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

"போயிட்டு வாரேனுங்க" என்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, நஞ்சுண்டன் படியிறங்கிப் போனான்.