டிரைவரைக் கொன்ற வாரம்

குற்றாலத்தில் சீசன் நன்றாக இருக்கிறது என்று ஊரே சந்தோஷப்பட, இந்தச் சாரல் நின்று தொலையாதா என்று ஏங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எண்பதுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம் அது. காரணம் ஒரு கொலை. செய்தவள் நான். டைப்ரைட்டரில் வைத்துச் செய்தேன்.

அப்போது தென்காசியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்ச்சாரியில் பாயின் ரேடியோ ரிப்பேர் கடை, அதன் பின்கட்டில் அவர் வீடு. பாயின் மச்சான் வளைகுடாவில் லாரி ஓட்டினார். அவர் கொண்டுவந்த டிவி கடையில் இருந்தது. மொட்டைமாடியில் மூன்று இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, உச்சியில் ஆன்டெனாவும் பூஸ்டரும் மாட்டி, பாய் இலங்கை டிவியைப் பிடித்துவிட்டார். ஞாயிறு சாயங்காலம் அதில் ஒரு ஆங்கிலத் தொடர் வரும். ஒரு விண்வெளிக் கப்பல், அதில் ஏழெட்டுப் பேர், வாரத்துக்கு ஒரு கிரகம். வருஷக்கணக்காக ஓடியது. நாங்கள் அதைக் 'கப்பல்' என்றுதான் சொல்வோம். கப்பலை ஓட்டுகிறவன் எங்களுக்கு டிரைவர்.

ரசிகர்கள் நாலு பேர். பாய், நான், ஒரு கணக்கு வாத்தியார், அப்புறம் பாயின் தங்கை. என்னைவிட மூத்தவள் என்பதால் எனக்கு அக்கா. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தொங்கிய திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு, திரையை ஒரு சாண் விலக்கிப் பார்ப்பாள். லாரி ஓட்டுகிற மச்சான் அவள் புருஷன்தான்.

ஆங்கிலம் யாருக்கும் முழுசாகப் புரியாது. வாத்தியாருக்குப் பாதி புரியும், மீதியை அடித்துவிடுவார். திங்கட்கிழமை சாயங்காலம் டீயோடு விவாதம் நடக்கும். அந்த மூன்று கண்காரனை கேப்டன் நம்பியது சரிதானா என்று நானும் பாயும் சண்டை போடுவோம். வாத்தியார் சிகரெட் அட்டையைக் கிழித்து, கப்பல் போன வேகத்துக்கு ஊரில் எத்தனை வருஷம் ஓடியிருக்கும் என்று கணக்குப் போடுவார். அக்கா கேட்பது ஒரே கேள்விதான். டிரைவர் எப்போது வீட்டுக்குப் போவான்?

ஆனி பிறந்தால் கணவாய்க் காற்றில் குழாய் ஆட்டம் கண்டுவிடும். பாய் கம்பத்தை இறக்கிப் படுக்கப் போட்டுவிடுவார். சீசன் முடியும்வரை கப்பல் கிடையாது. அந்தக் காணாத வாரங்களை நாமே எழுதிக்கொள்வோம் என்று ஆரம்பித்துவைத்தவர் வாத்தியார். முறை வைத்து எழுதுவோம். நான் கார்பன் வைத்து நாலு பிரதி அடிப்பேன். மங்கலாக விழுகிற கடைசிப் பிரதி எனக்கு.

என் கதைகளை மட்டும் வாத்தியார் மதித்ததே இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கப்பலில் இப்படி நடக்காதே என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஆடியில் தூத்துக்குடியில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே இலங்கைப் படம் கண்ணாடி மாதிரி விழும். பாழாய்ப்போன கரண்டு சரியாக ஞாயிறு சாயங்காலம் போய்விட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் புத்தி வேலை செய்தது. மற்றவர்களைத் தப்பவிட்டுவிட்டு, எரிகிற கிரகத்தில் டிரைவர் தனியாகச் சாகிறான் என்று எழுதினேன். சித்தி வீட்டில் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லி, திங்கட்கிழமை அதை வாசித்தேன்.

வாத்தியார் அப்படியே நம்பிவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. திரைக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது, அதை நான் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் பாய் இன்ஸ்டிடியூட்டுக்கே வந்துவிட்டார். தங்கை நேற்றிலிருந்து சாப்பிடவில்லையாம். மச்சானிடமிருந்து கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறதாம்.

"அந்த டிரைவர் நல்லா இருந்தா இவரும் நல்லா இருப்பாருன்னு அவ மனசுல ஒரு முடிச்சுப் போட்டு வச்சிருக்கா. அவன் செத்தது நெசந்தானா? நல்லாப் பாத்தியளா?"

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கரண்டு போனது, பஸ்ஸில் யோசித்தது, ஒன்று விடாமல் அக்காவிடம் கொட்டினேன். அடித்தல் திருத்தலோடு இருந்த கைப்பிரதியையும் காட்டினேன். அவள் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் வருத்தப்படுதேன்னு இப்பம் மாத்திச் சொல்லுத. இதெல்லாம் சும்மா எழுதிர முடியுமாட்டி? நீ வாசிக்கும்போது எனக்குக் கண்ணுல தெரிஞ்சுது."

என் எழுத்துக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இன்றுவரை கிடைத்ததில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

இனி படம் வந்தால்தான் அவள் நம்புவாள். கம்பத்தை ஏற்றினால்தான் படம் வரும். காற்று அடங்கினால்தான் கம்பத்தை ஏற்ற முடியும். வெளியூர்க்காரர்கள் பஸ் பஸ்ஸாக அருவிக்கு வந்து இறங்கினார்கள், நான் மலையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்ததும் வாத்தியார் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். போதாததற்குக் கடைசியில், கப்பல் கதையை எழுதுகிறவனும் நிஜமாகவே அவனைக் கொன்றிருந்தால் என்ன செய்வாய் என்று வேறு கேட்டுவைத்தார். அன்றிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது ஞாயிறு மத்தியானம் காற்று கொஞ்சம் தணிந்தது. பாய் துணிந்து கம்பத்தை ஏற்றினார். மூன்று பக்கமும் கயிறு கட்டி, ஆளுக்கு ஒன்றாக நாங்கள் மூன்று பேரும் மாடியில் இழுத்துப் பிடித்துக்கொண்டோம். சாரல் முகத்தில் அடித்தது. கீழே டிவி முன்னால் அக்கா மட்டும். தெரிகிறதா என்று பாய் கத்தினார். புள்ளி புள்ளியாக இருக்கிறது என்று பதில் வந்தது. பாய் ஒரு கையால் கம்பத்தைத் திருகி ஆன்டெனாவைக் கொஞ்சம் கிழக்கே திருப்பினார். அதற்கப்புறம் கீழேயிருந்து பேச்சே இல்லை. போச்சு, செத்துத்தான் போயிருக்கிறான் என்று நினைத்தேன்.

மாடிப்படியில் சத்தம் கேட்டது. திரையைத் தாண்டி வராத அக்கா, தலையில் முந்தானையை இழுத்துவிட்டபடி மூச்சுவாங்க மழையில் வந்து நின்றாள்.

"இருக்கான். தாடி வச்சிருக்கான். கப்பலை ஓட்டிக்கிட்டு இருக்கான். நீ பொய்க்காரிதான்டி."

அப்பாடா என்று அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கயிற்றை விட்டுவிடாதே என்று வாத்தியார் பதறினார். அன்று அக்கா எங்களோடு டீ குடித்து, நாலு பன்னும் தின்றாள். கம்பெனி மாறியதால் தாமதம் என்று மச்சானின் கடிதம் அடுத்த வாரம்தான் வந்தது.

டிரைவருக்கு ஒரு லீவு கொடு என்று அக்கா என்னிடம் கேட்டாள். அடித்தேன். டிரைவர் பெட்டியோடு வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டுகிற கதை. இது நான் எழுதியது, பார்த்தது அல்ல என்று தலைப்புக்கு மேலேயே அடித்து, முதல் பிரதியை அவளுக்குக் கொடுத்தேன். நின்றபடியே படித்து முடித்துவிட்டு, இதுவும் பொய்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"இருக்கட்டும்" என்று அதை நாலாக மடித்து, மச்சானுக்கு எழுதிவைத்திருந்த ஏர்மெயில் கவருக்குள் வைத்து ஒட்டினாள்.