சோக்குப் பூசிய தண்டு

இலங்கை மலையகத்தில், ராகலைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோரு என்றுதான் சொல்வோம். தொண்ணூறுகளில் நான் அங்கே இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். தலைமை பிட்டர் ஓய்வு பெறவிருந்தார்; அந்த வேலையோடு தனிக் குவாட்டர்ஸும் வரும். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து அறையை விட்டு வெளியேற எனக்கு இருந்த ஒரே வழி அதுதான். அந்த நேரம் பார்த்து அவன் வந்து சேர்ந்தான். கொத்மலை அணைக்கட்டு வேலையில் வெல்டிங் பழகியவன், என்னைவிட இளையவன். பார்த்த அன்றே எனக்குப் பிடிக்கவில்லை.

கொழுந்தைச் சுருட்டும் இரண்டு ரோலர்களில் தண்டுகள் தேய்ந்துபோயிருந்தன. கைவசம் இருந்த புது இரும்பு ஒன்றுக்குத்தான் போதும். அதில் நான் ஒரு தண்டு கடைந்தேன். மற்ற ரோலரின் பழைய தண்டை அவன் கேட்டு வாங்கினான். தேய்ந்த இடத்தில் வெல்டிங்கால் இரும்பைச் சுற்று மேல் சுற்றாக ஏற்றினான். ஒவ்வொரு சுற்றுக்கும் கசடைத் தட்டி, கம்பி பிரஷால் தேய்த்து, பிறகுதான் அடுத்தது. முடித்து அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டான். மறுநாள் கடைந்து, எமரித்தாளால் முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றினான். தோசை மேல் தோசை ஊற்றியிருக்கிறான் என்று நான் கேலி பேசினேன். ஸ்டோரு பொறுப்பிலிருந்த டீமேக்கர் சிரிக்கவில்லை. தண்டைத் தடவிப் பார்த்து, “கெட்டிக்காரன்தான்” என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுழலும் தண்டு ஒரே அடியில் உடைவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து நிமிர்கிறது. எங்கேயாவது ஊசிமுனைத் துளை இருந்தால் இரும்பின் களைப்பு அங்கேதான் விரிசலாகத் தொடங்கும். ஏற்றிய இரும்பில் துளை இல்லாமலா இருக்கும்? ஞாயிறு மத்தியானம் ரோலர்கள் நின்றதும் அவன் தண்டில் மண்ணெண்ணெய் பூசித் துடைப்பேன். பிறகு தேயிலைப் பெட்டிக்கு நம்பர் போடும் வெள்ளைச் சோக்குக்கட்டியைப் பொடித்துத் தடவுவேன். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடு விழும். விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு குந்தியிருப்பேன். கோயிலில்கூட நான் அப்படி உருகியதில்லை. எட்டு மாதம் ஒரு கோடும் விழவில்லை.

மழை விட்ட ஒரு காலை, கொழுந்து குவிந்து கிடந்த நேரம், தண்டு முறிந்த சத்தம் கேட்டது. ஓடினேன். சந்தோஷத்தில்தான் ஓடினேன், அதை ஒளிக்க மாட்டேன்.

அவன் ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. நின்றிருந்தது என்னுடையது. தண்டு குறுகும் இடத்தில் வளைவு கொடுக்காமல், விரிசலுக்கு இடம்கொடுக்கும் கூர்மூலையாகக் கடைந்துவிட்டிருந்தேன், முறிந்தது அங்கேதான். முறிந்த முகத்தில் பாதிக்குமேல் எண்ணெய்க் கறுப்பேறிய பழைய விரிசல். நான் அவன் தண்டின் முன்னால் குந்தியிருந்த ஞாயிறுகளில், நாலு எட்டு தள்ளி, இது விரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

அவன் வந்து முறிவைப் பார்த்தான். டீமேக்கர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணே, ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் எந் தண்டுக்குச் சோக்குப் போட்டீங்கள்ல. திங்கக்கெழம காலையில நாந்தான் தொடைப்பேன். ஒரு நாளாச்சும் உங்களதுக்கும் போட்டுப் பாத்திருக்கலாம்லங்க?”

குவாட்டர்ஸ் அவனுக்குப் போனது. அதைக்கூட மறந்துவிட்டேன். அவன் அந்தக் கேள்வியைக் கேலியாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். உண்மையான கவலையோடு கேட்டான். அதற்காகத்தான் அவனை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.