கடைசி மெஷின்காரிக்கும் சேர்த்து

பயம் அவளுக்குக் கூடப் பிறந்தது. இடி இடித்தால் பயம், தபால்காரர் வந்தால் பயம், பஸ்ஸில் கண்டக்டர் சற்றே உரக்கப் பேசினால் டிக்கெட் கையில் இருக்கும்போதே பயம். அப்படிப்பட்டவளைப் பார்த்து ஒரு தையல் கம்பெனியே பயந்தது என்றால் நம்பத்தான் வேண்டும். வேலை முடிந்து வெளியே போகிற பெண்களை வாசலில் நிறுத்தித் தடவிப் பார்த்து அனுப்புகிற வேலை அவளுக்கு. முகத்துக்கு நேரே ‘வாசல் அக்கா’, முதுகுக்குப் பின்னால் ‘எக்ஸ்ரே’.

புருஷன் இறந்த வருஷம் துணி மடிக்கிற மேஜையில் சேர்ந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் போனதும், வீட்டுக்கு அனுப்பாமல் வாசலில் நிற்க வைத்தார்கள். நிற்கத் தெரிந்தால் போதும் என்றார்கள். போதவில்லை. முதல் நாள் இவள் கை பட்டதும் ஒரு சின்னப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மறுநாளிலிருந்து இவள் உள்ளங்கையை விட்டுவிட்டுப் புறங்கையால் பார்க்கத் தொடங்கினாள். நூல்கண்டு இருந்தாலும் கத்தரி இருந்தாலும் புறங்கைக்குத் தெரிந்துவிடும், ஆனால் தொட்ட மாதிரி இருக்காது. யாரும் சொல்லித் தந்ததில்லை.

அவள் மருமகள் அங்கேதான் இரண்டாம் வரிசையில் காலர் தைத்தாள். "வீட்ல என் அலமாரியைக் குடையறது போதாதா அத்தை, இங்கயும் குடையணுமா?" என்று கையைத் தூக்கிக்கொண்டே கேட்பாள். வரிசையே சிரிக்கும்.

சிரிக்காதவள் அதே வரிசையின் கடைசி மெஷின்காரி. எங்கிருந்தோ பிழைக்க வந்தவள், பேச்சே வேறு தினுசு. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. ஒரு தடவை எல்லார் முன்னாலும், "முதலாளி வீட்டு நாய் மோந்து பாக்குது, அசையாம நில்லுங்கடி" என்றாள். அந்தச் சொல் இவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது. அன்றிலிருந்து அவளைக் கண்டாலே ஆகாது.

ஒரு சாயங்காலம் மேனேஜருடைய போன் காணாமல் போயிற்று. இரண்டாம் வரிசைப் பக்கம் வந்து போன பிறகுதான் காணோம் என்றார். பெண்களைக் கவனிக்கிற அதிகாரியம்மாள் வேகமாக வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, மத்தவங்க போகட்டும். ரெண்டாம் வரிசையை மட்டும் ஒவ்வொருத்தியா துணி ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போங்க. போட்டிருக்கிறது எல்லாத்தையும் கழட்டச் சொல்லிப் பாருங்க."

"எல்லாத்தையும்னா மேடம்?"

"எல்லாத்தையும்தான்."

துணி ரூமுக்கு ஜன்னல் கிடையாது. கூரை வரைக்கும் துணிச் சுருள்கள், மினுக்கி மினுக்கி எரிகிற ஒரு குழல்விளக்கு, ஒற்றைக் கதவு. அந்தக் கதவுக்கு வெளியே மேனேஜரும் காவல் ஆட்கள் இரண்டு பேரும் நின்றார்கள். இந்த வேலையும் போனால் அடுத்த மாதம் வீட்டு வாடகைக்கு எங்கே போவது?

அதிகாரியம்மாள் காதோரம் குனிந்தாள். "உங்க மருமகளை விட்டுடுங்க. அவ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி. அவளுக்கு எதுக்கு இந்தக் கண்றாவி. கடைசி மெஷின்காரியில இருந்து ஆரம்பிங்க. எடுத்திருந்தா அவதான் எடுத்திருப்பா."

அப்பாடா என்று இருந்தது இவளுக்கு. பொய் சொல்வானேன், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. நாய் என்றாயே, வா, நாய் பார்க்கட்டும் என்று உள்ளே ஒரு குரல்.

கடைசி மெஷின்காரி உள்ளே வந்தாள். அந்த வாயைக் காணோம். சட்டைப் பொத்தானில் கை வைத்தாள். நாள் முழுக்கப் பொத்தான் தைக்கிற விரல்கள், ஒரு பொத்தானைக் கழற்ற முடியாமல் தடுமாறின. பல்லோடு பல் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. "கதவை நல்லா சாத்திடு அக்கா. அந்த ஆம்பளைங்க நிக்கிறாங்க" என்றாள்.

மற்றது எது தெரியாவிட்டாலும் பயத்தை இவளுக்கு அடையாளம் தெரியும். இதே நடுக்கம் தன் முழங்காலிலும் ஓடிக்கொண்டிருக்கிறதே! பேச்சுதான் வேறு தினுசு, பயம் ஒரே தினுசு.

"பொத்தானைப் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

"என்னால முடியாது மேடம்."

"ஏன், மிரட்டினாளா?"

"இல்ல. வாசல்ல பலகை மாட்டியிருக்குதே. எந்த மனுஷரையும் அவமானப்படுத்தக் கூடாதுன்னு போட்டிருக்காம். வாட்ச்மேன் வாசிச்சுக் காட்டினாரு."

மேனேஜர் சிரித்தார். "அது கடல் தாண்டித் துணி வாங்குறவங்களுக்காக மாட்டினது. அவங்க வந்தா மட்டும் தூசி தட்டுறோம். அவங்க ஊர் நியாயம் அவங்களுக்கு. நம்ம ஊருக்கு நம்ம நடைமுறை. அதையெல்லாம் இங்க கொண்டு வந்தா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்."

"அப்படின்னா என் மருமகளுக்கு மட்டும் எந்த ஊர் நியாயம் சார்?"

இது தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று இவளுக்கே திகைப்பு. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது உங்களுக்காகத்தானே அக்கா..." என்றாள் அதிகாரியம்மாள்.

"அவளை இப்படி நிக்க வைக்கக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியுது. அப்ப இவளையும் கூடாது மேடம். எனக்கு இவளைப் பிடிக்காது. இருந்தாலும் கூடாது."

"நீங்களே உள்ள போய்ப் பாருங்க" என்றார் மேனேஜர் அதிகாரியம்மாளிடம்.

"நானா சார்?" அவள் கதவைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், நகரவில்லை.

அப்புறம் மேனேஜர் வேறு வழியில்லாமல் சம்மதிக்க, வாசலில் வைத்து, உடுப்புக்கு மேலே புறங்கையால், வரிசை மொத்தத்தையும் இவளே பார்த்தாள். மருமகளையும் விடவில்லை. போன் அகப்படவில்லை. மேனேஜர் இவள் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். "நாளைக்கு இந்தப் பக்கம் வராத. நீயும் கூட்டுதான். போலீஸ் உன் வீட்டுக்கு வரும்."

வழியெல்லாம் மருமகள் பொருமிக்கொண்டே வந்தாள். "நான்தான் தப்பிச்சுட்டேனே அத்தை. அந்த வாயாடிக்காகவா வேலையை விட்டீங்க? உங்களை நாய்னு சொன்னவ அவ."

"சொன்னா. அதுக்கு ஒரு நாள் அவ வீட்டு வாசல்ல நின்னு நாலு கேள்வி கேக்கத்தான் போறேன். அது வேற, இது வேற."

"அவளே எடுத்திருந்தா?"

"எடுத்திருந்தாலும்தான்."

அவள்தான் எடுத்தாளா, இல்லை மேனேஜர் வேறெங்காவது வைத்து மறந்தாரா, இன்று வரைக்கும் தெரியாது. திருடியே இருந்தாலும் அந்த அறையில் அவளை அப்படி நிறுத்தியிருக்கக் கூடாது. இதற்கு மேல் இதில் வாதாட ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்தும் நடுக்கம் போகவில்லை. மருமகள் அடுப்பு மூட்டினாள். இவள் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. வீட்டு முன்னால் வேகம் குறைந்தது. மருமகள் சட்டென்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து இவள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். பூட்ஸ் கால் ஒன்று மண்ணில் ஊன்றுகிற சத்தம். யாரோ பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது, சிரிப்புச் சத்தம் கேட்டது.

"மூச்சு விடுங்க அத்தை" என்றாள் மருமகள்.