தாய்மாமன் வேட்டி

கொல்லிமலையில் பஸ் நிற்கும் இடத்து டீக்கடை. விடிந்துகொண்டிருக்கிறது. அந்துப்பூச்சிகளைப் படமெடுத்துப் பதிவு செய்ய வந்த நான், பூச்சிகள் வந்து உட்கார இரவில் விளக்கடியில் கட்டும் வெள்ளைத் துணியைச் சேலத்திலேயே மறந்துவிட்டேன். கடைக்காரர் பழனியப்பன் நேற்று மாலை தன் புது வேட்டியைக் கொடுத்தார்.

"காலையில கட்டோணுமுங்க, அழுக்காக்காமக் குடுத்துருங்க."

இன்று நாமக்கல்லில் அவர் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும்.

இப்போது அந்த வேட்டியில், உள்ளங்கை அகலத்துக்கு இளம்பச்சையாக ஒரு நிலா அந்துப்பூச்சி. இதைத் தேடி நான்காவது முறையாக மலையேறியிருக்கிறேன். கேமராவைக் கிட்டே கொண்டுபோனதும் திக்கென்கிறது. கரையை ஒட்டிக் கடுகு கடுகாக முட்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

"சுரண்டி எடுத்துடட்டுமா?" என்கிறேன் பழனியப்பனிடம்.

அவர் மனைவி சரசு பால் சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்து பார்க்கிறார். "பாவமுங்க, புள்ளத்தாச்சி. இதுக்குத் தீனி என்னங்க?"

"ஒண்ணும் திங்காதுங்க. இதுக்கு வாயே வேலை செய்யாது. முட்டை போட்டுட்டு ரெண்டு நாள்ல செத்துப்போயிடும்."

முதல் பஸ் ஹாரன் அடிக்கிறது. பழனியப்பன் உள்ளே போய், லாரி ஓட்டிய காலத்துக் காக்கிப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறார்.

"ஏனுங்க, தாய்மாமன் இப்படியேவா போவீங்க?" என்கிறார் சரசு.

அவர் பஸ் படியில் கால் வைத்துவிட்டார். "தங்கச்சி கேட்டா, ஊட்ல பிரசவம்னு சொல்லிக்கறேன்."