பூட்டிய அலமாரியும் செல்வராணியின் மாத்திரையும்

விசுவாசிகளே, முதலில் ஒரு பொய்யைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். என் ஜெபத்துக்கு ஆண்டவர் இரங்கியதால் பள்ளிக்கூட அலமாரியின் பூட்டு தானாகத் திறந்துகொண்டது என்று நம் சபையில் ஏழெட்டு மாதமாக ஒரு பேச்சு நடமாடுகிறது. பூட்டு திறக்கவில்லை. இன்றைக்கும் திறக்கவில்லை. அந்தக் கதையைக் கிளப்பியவர் ஜெபக்குழுத் தலைவர். மறுக்காமல், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அடக்கமானவன் போலப் புன்னகைத்து அதை வளர்த்தவன் நான். நாற்பத்தாறு வயதில், கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்த தலையை வைத்துக்கொண்டு செய்த காரியம் இது.

நடந்தது சென்ற ஆடியில். அணா போய் நயா பைசா வந்து திண்டுக்கல்லே குழம்பிக் கிடந்த சமயம். நான்காம் வகுப்புக்கு நான் வாத்தியார். பள்ளிக்கூடத்துக்கு மேற்கே, சுவரை ஒட்டினாற்போல் புகையிலை மூட்டைகளை அடுக்கும் கிட்டங்கி. ஆடிக்காற்று அடித்தால் அங்கே சிப்பம் உதறுகிற தூசி முழுவதும் எங்கள் வகுப்பில்தான் வந்து உட்காரும்.

என் வகுப்பில் செல்வராணி என்று ஒரு பெண், ஒன்பது வயது. அவளுக்கு இளைப்பு நோய், டாக்டர்கள் ஆஸ்துமா என்பார்களே அது. தூசி பட்டால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். தோள்கள் காது வரைக்கும் ஏறி இறங்கும். அவள் அம்மா அந்தக் கிட்டங்கியில்தான் புகையிலை தரம் பிரிக்கிறாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து, மகளின் பாவாடையில் முடிந்து அனுப்புவாள்.

நான் இதைக் கள்ளக்கடத்தலாகப் பார்த்தேன். ஆங்கில வைத்தியப் புத்தகம் ஒன்றில் பாதிப் பக்கம் படித்திருந்தேன். வீரியமுள்ள மருந்து சிறுவர் கையில் இருக்கக் கூடாது என்று அதில் இருந்தது. மீதிப் பக்கத்தில் என்ன இருந்ததோ, அதைப் புரட்டுமளவுக்கு எனக்குப் பணிவு இல்லை. அதோடு, "பதினாறாம் வாய்ப்பாடு கேட்டால்தான் இவளுக்கு இளைப்பு வருகிறது" என்று ஒரு நகைச்சுவை வேறு தயாரித்து வைத்திருந்தேன். மற்ற வாத்தியார்கள் ஒவ்வொரு முறையும் சிரித்தார்கள். நாங்கள் அப்படிப்பட்ட கூட்டம்.

மாத்திரையைப் பறித்து வகுப்பு மர அலமாரியில் வைத்தேன். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரன் சும்மா சாத்திவிட்டுப் போவேனா? பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா மகனிடம் சொல்லி, உள்ளங்கை அகலத்தில் ஒரு பூட்டு வாங்கினேன். "வேற சாவி போட்டா உள்ள கவ்விக்கும்ணே, விடாது" என்றான். இத்தனை காவலும் நான்கு மாத்திரைக்கு.

செல்வராணியின் அம்மா வேலைக்கு நடுவில் ஓடி வந்து வாசலில் நின்றாள்.

"சார், இளைப்பு வந்துருச்சுன்னா செத்த நேரம் தாங்காது சார். புள்ள கையிலயே இருக்கட்டும்."

பள்ளிக்கூடம் மருந்துக்கடை இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அன்று மாலை வீட்டிலும் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டில் ஒரு கல்யாணம். மைத்துனனிடம் கோட்டு ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, பெரிய மனிதனாக நின்றுவிட்டு, கோட்டைக் கழற்றி அவனிடமே கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை காற்று பலம். கரும்பலகை துடைக்கும் முறை செல்வராணியுடையது. முறையென்றால் முறைதான் என்று அவளையே துடைக்க வைத்தேன். பாதிப் பலகை முடியுமுன் விசில் ஆரம்பித்தது. நான் வாய்ப்பாட்டு நகைச்சுவையைச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு அவள் உதடு நீலம் பாரித்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்தாள்.

சட்டைப் பையில் கை விட்டேன். சாவி வத்தலக்குண்டில், கோட்டுப் பையில் இருந்தது.

கையில் இருந்த வீட்டுப் பெட்டிச் சாவியைப் பூட்டில் செருகினேன். பட்டறைத் தம்பி பொய் சொல்லவில்லை. கவ்விக்கொண்டது. அலமாரிக்கு முன்னால் மண்டியிட்டேன். சிறைக் கதவுகளே ஜெபத்தில் திறந்தன என்று வேதாகமத்தில் படித்தவன் அல்லவா? ஆண்டவரே, இந்தப் பூட்டைத் திறவும் என்று கத்தினேன். நாற்பது பிள்ளைகள் செல்வராணியைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். இருந்த காற்றையும் அவர்களே குடித்தார்கள்.

என் சத்தம் கேட்டு ஆயா ஞானம்மா வந்தாள். கூட்டிப் பெருக்கித் தண்ணீர் வைப்பவள். அலமாரியின் முதுகைக் கரையான் தின்கிறது என்று இரண்டு வருஷம் முன்பே என்னிடம் சொன்னவள். பெருக்குகிற வேலையை மட்டும் பார் என்று அப்போது நான் சொல்லியிருந்தேன்.

பிள்ளைகளை வெளியே விரட்டினாள். மேற்கு ஜன்னலைச் சாத்தினாள். செல்வராணியை பெஞ்சில் உட்கார்த்தி, மேசையில் இரு கையையும் ஊன்றி முன்னால் சாய வைத்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"சார், ஜெபத்தைச் செத்த நிப்பாட்டிட்டு ஒரு கை குடுங்க."

இவளுக்கு விசுவாசம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரக்க ஜெபித்தேன். ஆயா தனியாளாக அலமாரியை இழுத்துத் திருப்பி, முதுகில் ஒரு உதை விட்டாள். பலகை அப்பளம் மாதிரி உதிர்ந்தது. பூட்டு முன்பக்கத்தில் கம்பீரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆயா ஓட்டைக்குள் கை விட்டு மாத்திரையை எடுத்துச் செல்வராணியின் வாயில் போட்டாள்.

"முழுங்கு தாயி. பதறாத. மெதுவா விடு மூச்ச."

ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஊசி போட்டார்கள். மத்தியானத்துக்குள் விசில் அடங்கி, அந்தப் பிள்ளை தண்ணீர் கேட்டது. நான் தாழ்வாரத்துத் தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன். மாத்திரையை ஏன் பூட்டி வைத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். "களவு போயிரும்னு பூட்டுனாருங்கய்யா" என்று ஞானம்மா எனக்காகப் பதில் சொன்னாள்.

ஜெபம் கேட்கப்பட்டதா? கேட்கப்பட்டது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பூட்டைக் கேட்டேன். ஆண்டவர் பிள்ளையைக் கொடுத்தார். நான் முன்பக்கம் நின்று கூவுவேன் என்று அறிந்து, இரண்டு வருஷமாகப் பின்பக்கத்தில் கரையானை வைத்து வேலை செய்து கொண்டிருந்திருக்கிறார். நான் மதிக்காத ஒருத்தியை மீதி வேலைக்கு அனுப்பினார். கரையானைச் சொன்னால் மகிமை குறையும் என்று ஜெபக்குழுவில் முடிவு செய்தார்கள். நானும் தலையாட்டினேன். ஞானம்மாவை யாரும் கேட்கவில்லை.

இப்போது மாத்திரை செல்வராணியின் பாவாடை முடிச்சிலேயே இருக்கிறது. கரும்பலகையை ஈரத்துணியால் நானே துடைக்கிறேன். அவள் கிழக்கு ஓரத்தில் உட்காருகிறாள். காற்றுக் காலத்தில் மேற்கு ஜன்னல் திறப்பதில்லை. இளைப்பு வந்தால் எப்படி உட்கார வைப்பது, யாரைக் கூப்பிடுவது என்று வகுப்புக்கே தெரியும். யார் நடிக்கிறார்கள் என்று தீர்ப்புச் சொல்லும் உத்தியோகத்தை விட்டுவிட்டேன். பதினாறாம் வாய்ப்பாடு அவளுக்கு இன்னும் வரவில்லை. நல்ல மூச்சோடு தப்பாகச் சொல்கிறாள். அதற்கும் ஸ்தோத்திரம்.

உங்கள் பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். மாத்திரையை அதன் கையில் கொடுங்கள். பிறகு முழு மனதோடு ஜெபியுங்கள். அவர் கேட்கிறார். என்னைப் போன்றவன் கூப்பிட்டதற்கே வந்தவர் உங்களுக்கு வரமாட்டாரா?

சென்ற ஞாயிறு சபையில் எழுந்து இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். ஆராதனை முடிந்ததும் ஞானம்மா வாசலில் காத்திருந்தாள். ஆனமட்டும் நெகிழ்ந்த முகத்தோடு அவள் அருகில் போனேன்.

"நல்லாத்தான் சொன்னீங்க சார்," என்றாள். "ஆனா நீங்க வழிய மறிச்சு முட்டி போட்டிருந்ததாலதான் அலமாரிய அம்புட்டுத் தூரம் சுத்தி இழுக்க வேண்டியதாப் போச்சு. அடுத்த தடவ முட்டிய கொஞ்சம் தள்ளிப் போடுங்க."