கேபிள் கார் வரிசையிலிருந்து திரும்பியவர்

என் கணவருக்கு மலைப் பைத்தியம். கனடாவில், லாசாலில், எங்கள் வீட்டுப் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் இத்தாலியின் டொலமைட் மலைகளைக் காட்டினால் போதும், சோறு ஆறிப்போனாலும் எழும்ப மாட்டார். ஏரியில் படகு விடலாமாம், கேபிள் காரில் உச்சிக்குப் போய்ப் பாறையோரமாக நடக்கலாமாம். அவருடைய அண்ணருக்கு அந்த மலையடிவாரத்தில்தான் ஹோட்டல் சமையலறையில் வேலை. 2006 கோடையில் ஒருவழியாகப் புறப்பட்டோம். அதற்காகவே மனுசன் ஞாயிறு தவறாமல் எங்கள் ஊர் மோன்-ருவாயால் குன்றில் ஏறி இறங்கிப் பழகினார். இதய நோய்க்காரர், மெதுவாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

போய் இறங்கினால், அட கடவுளே, விருந்து! கனடாவிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்களென்று அங்கிருந்த எங்கள் சனம் ஒரு வீடு மிச்சமில்லாமல் கூப்பிட்டது. ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு இன்னொரு வீட்டுக்குப் போகாவிட்டால் சென்மத்துக்கும் கோபம். மத்தியானம் ஒரு வீடு, இரவு ஒரு வீடு. இவர் இடியப்பத் தட்டும் கையுமாக ஜன்னலால் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசி நாள் இவரையும் அண்ணரையும் பிடிவாதமாகக் கேபிள் காருக்கு இழுத்துக்கொண்டு போனேன். டிக்கெட் வரிசையில் நிற்கும்போது அண்ணரின் கைபேசி அடித்தது. அவர்களுடைய ஒன்றுவிட்ட தங்கச்சி நண்டு போட்டுக் கூழ் காய்ச்சி வைத்துவிட்டு எங்களுக்காகக் காத்திருக்கிறாளாம்.

"மலைக்குப் போட்டுப் பேந்து வாறம் எண்டு சொல்லுங்கோ அத்தான்," என்றேன் அண்ணரிடம்.

இவர் கேட்டால்தானே. "பாவமப்பா, எங்கையெல்லாம் திரிஞ்சு நண்டு வாங்கினதோ. மலை எங்கை ஓடப்போகுது? வாற வருசம் வருவம்."

"உங்களுக்கு ஆசையில்லையே?"

"ஆசைதான்," என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டு விலகி நடந்தார். அங்கே போய், கூழ் நல்லாயிருக்கு என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்தப் பனிக்காலமே போய்விட்டார். வேலையால் வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. நான் உடைந்துபோனேன். அதற்கு வேறு சொல் என்னிடம் இல்லை.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்கவேண்டுமென்று லாசால் வீட்டில் சனம் நிறைந்திருந்தது. இத்தாலியிலிருந்து வந்திருந்த அண்ணர் வாழையிலையும் கையுமாக என்னிடம் வந்தார்.

"தம்பிக்கு என்ன விருப்பம் எண்டு சொல்லு பிள்ளை, எல்லாம் படைப்பம்."



"மலை," என்றேன்.

அண்ணர் இலையைக் கீழே வைத்துவிட்டுக் குழறி அழுதார்.