ஒரே ஓரத்தில் இரண்டு பேர்

வானவடி மைதானத்தில் ஞாயிறு காலைப் பனி கலையவில்லை. எங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் நான்தான் டைட் எண்ட். வரிசையின் ஓரத்தில் நின்று எதிராளியைத் தள்ளவும் வேண்டும், சமயம் பார்த்து ஓடிப் பந்தைப் பிடிக்கவும் வேண்டும். அன்று என்னைவிட வாட்டசாட்டமான ஒருவன் புதிதாக வந்தான். என் இடம் போச்சு என்று நினைத்தேன்.

"ரெண்டு பேரும் ஒரே ஓரத்துல எறங்குங்கடா," என்றார் கோயம்புத்தூர்க்காரரான கேப்டன். "ரெண்டு தடியனுகளப் பாத்தா, பந்த எறியாம முட்டித் தள்ளிட்டு ஓடப்போறோம்னுதான் எதிர் டீம்காரனுக நெனப்பானுக."

"அப்ப நான் தள்ளணுமாண்ணா?"

"தள்ளற மாதிரி தள்ளிட்டு நழுவீரு."

எதிரணி புதியவனை மொய்த்தது. நான் நழுவினேன். கேப்டன் எறிந்த பந்து பனிக்குள் அவசரமே இல்லாமல் சுழன்று மிதந்து வந்தது. கைக்குள் விழுந்த பிறகும் அது வந்துகொண்டே இருப்பது போலிருந்தது. திரும்பினால், மண்ணில் கிடந்தபடி அந்தப் புதியவன் எனக்காக உற்சாகமாகக் கத்திக்கொண்டிருந்தான்.

"அடுத்த தடவையும் நாங்க ரெண்டு பேருந்தாண்ணா," என்றேன் கேப்டனிடம்.